ஏகமனதாகக் குறைத்த காரம்

திருவண்ணாமலை மகளிர் தற்காப்பு விஞ்ஞானக் கழகத்தில் பதினோரு உறுப்பினர்கள். பதினோரு பேரும் ஆண்கள். பெண்களைச் சேர்த்தால் அவர்கள் கூட்டத்துக்குப் பத்திரமாக வந்து போவதற்கு யார் பொறுப்பு என்று தலைவர் இராமலிங்கம் கேட்டார். எண்ணெய் மில் முதலாளி கேட்கிற கேள்வி என்பதால் மற்றப் பத்துப் பேருக்கும் அது நியாயமாகவே பட்டது.

கழகத்தின் மூளை சக்கரபாணி. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அவருடைய கண்ணாடி அலமாரியில், மண்டை ஓட்டுக்கும் தராசுக்கும் நடுவில், ஒரு காலித் தகரக் குப்பி வீற்றிருந்தது. 1979-ல் ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரம்மா விட்டுப் போனது. அடி அண்ணாமலைப் பக்கம் மலை சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு நாய் துரத்த, அந்தம்மா நின்ற இடத்திலேயே நின்று கைப்பையிலிருந்து குப்பியை எடுத்துப் புஸ்ஸென்று அடித்தார். நாய் மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டே கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிப்போனது. அதே நாய்க்காகப் பாதையோர மண்டபத்தின் மேல் ஏறியிருந்த சக்கரபாணி, இறங்கி வந்து குப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அமெரிக்காவில் தபால்காரர்கள் நாய்க்கடிக்குப் பயந்து வைத்துக்கொள்வது, உள்ளே இருப்பது மிளகாயின் சாரம் என்று அதில் அச்சிட்டிருந்தது.

அடுத்தடுத்த வருஷத்து மாணவர்களுக்குக் கதை சொல்லச் சொல்ல நாய் வளர்ந்தது. 1980-ல் அது ஓநாய். 81-ல் இரண்டு ரவுடிகள். 82-ல் கழகம் தொடங்கியபோது ரவுடிகள் நால்வர். குப்பியை அடித்தவர் சக்கரபாணி.

கழகம் பெண்களுக்குக் கொடுக்கப்போகிற மிளகாய் மருந்தைக் காய்ச்ச வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதற்குச் சரோஜா இருந்தாள்.

சரோஜா ஆய்வக உதவியாளர். இருபத்துமூன்று வயது. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் ஏழு ஐம்பது பஸ்ஸில் வருகிறவள். அதே பஸ்ஸில், எண்ணெய் மில்லில் கணக்கு ஒப்படைக்கிற சாக்கில், காசியும் வந்தான். காசி, இராமலிங்கத்தின் மனைவியுடைய தம்பி. கீழ்பென்னாத்தூரில் மாமாவின் மில்லுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை எடை பார்ப்பது அவன் உத்தியோகம். பார்த்தது சரோஜா எந்த சீட்டில் உட்காருகிறாள் என்பதை. பின் சீட்டில் உட்கார்ந்து அவள் ஜடைமேல் ஊதுவான். கண்டக்டர் வந்ததும் சத்தமாக, "ரெண்டு திருவண்ணாமலை. ஒண்ணு எனக்கு, ஒண்ணு வீட்டுக்காரிக்கு" என்பான். பஸ் சிரிக்கும். சரோஜா தன் சில்லறையை நீட்டினால், "கோவத்தப் பாருங்க" என்பான். பஸ் இன்னும் கொஞ்சம் சிரிக்கும்.

சிரிப்பு ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய அப்பா சகாதேவன் களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் போனது போதும்" என்றார்.

"அவன் பண்றதுக்கு நான் ஏம்பா நிக்கணும்?"

"அவன் மொதலாளி மச்சான். நான் போய்க் கேட்டா நம்ம மூட்டையை எவன் எடுப்பான்?" காயைக் காலால் தள்ளிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உங்க சாரு ஏதோ மருந்து கண்டுபிடிக்கறாராமே. அது வேலை செய்யுதுன்னா எடுத்துக்கினு பஸ்ல போ. செய்யலைன்னா பொங்கலோட நின்னுடு."

அப்போது ஐப்பசி. பொங்கலுக்கு இரண்டரை மாதம்.

மறுநாளே சரோஜா மிளகாயோடு உட்கார்ந்தாள். வற்றலை இடித்து, ஆய்வகத்து ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, தண்ணீர்ச் சட்டிமேல் வைத்துச் சுண்டவிட்டாள். சக்கரபாணி ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு மேற்பார்வை செய்தார்.

"நான் சொன்ன மாதிரிதானே செய்யறே?"

"நீங்க ஒண்ணும் சொல்லலியே சார்."

"அப்ப சரி. அதே மாதிரி செய்."

பக்கத்து வகுப்பில் பூகோளப் பாடம் இருமலில் முடிந்தது. நான்காம் நாள் பீங்கான் கிண்ணத்தின் அடியில் குங்குமப் பிசின்போல ஒரு பொருள் நின்றது. கண்ணாடிக் கோலின் நுனியால் தொட்டு, கோலைக் கழுவி, கையைக் கழுவி, மறதியாகக் கண்ணோரம் தொட்டுக்கொண்ட சரோஜா, முக்கால் மணி நேரம் குழாயடியில் குனிந்து நின்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். வேலை செய்கிறது.

"இதெல்லாம் நம்ம சித்தருங்க அன்னைக்கே கண்ட சங்கதி" என்றார் சக்கரபாணி, ஜன்னலிலிருந்து.

"மிளகாயே போர்த்துக்கீசியருங்க காலத்துல கப்பல்ல வந்ததுதானே சார்? எட்டாவது பாடத்துலயே இருக்குது."

"நீ கிண்ணத்தைக் கழுவும்மா."

அடிக்கிற கருவிக்கு அவள் தேரடி வீதியில் ஜானி பாஷாவிடம் போனாள். ஸ்டவ், பெட்ரோமாக்ஸ், கொசு மருந்து பம்பு எல்லாம் பழுது பார்க்கிறவர். அவர் முதலில் கொசு மருந்து பம்பையே எடுத்துக் காட்டினார். முழங்கை நீளம்.

"கைப்பையில போடற சாமானா பாய் இது? இதை வச்சுக்கினு பஸ்ல ஏறுனா இதுக்கும் அரை டிக்கெட் போடுவான்."

அவர் யோசித்து, உள்ளே போய், ரப்பர் பந்து வைத்த ஒரு பழைய அத்தர் பாட்டிலை எடுத்து வந்தார். பந்தை அமுக்கினால் பாட்டில் வாயிலிருந்து பனிபோலப் பாய்ந்தது. பாட்டில் மூக்கின் துவாரத்தை ஊசியால் திருத்தி, மூன்று முழம் தூரம் போகிறமாதிரி செய்துகொடுத்தார்.

"ஒண்ணு சொல்றேன் பாப்பா. எத்தனை கழுவுனாலும் இதுல மல்லி வாசனை போவாது."

"பரவால்ல பாய். மொதல்ல மல்லி வரட்டும்."

கழகத்தின் முதல் சோதனை எண்ணெய் மில் ஆபீசில் நடந்தது. சக்கரபாணி ஒரு முன்னுரை ஆற்றினார்; முன்னுரை முடிவதற்குள் பொறுமை இழந்த நகைக்கடைக்காரர் பாட்டிலை வாங்கி, ஜன்னல் சாத்திய அறையில், காற்றில் ஒரே ஒரு தடவை அமுக்கினார். அடுத்த ஐந்து நிமிஷத்துக்குத் திருவண்ணாமலையின் மிகக் கனமான பதினோரு பேரும் மில் வாசலில் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியைச் சுற்றித் தலைகீழாக இருந்தார்கள். மாடு மரியாதையாக விலகி நின்றது.

"வெற்றி!" என்று தொட்டிக்குள்ளிருந்து சக்கரபாணியின் குரல் வந்தது.

கண் சிவப்பு கொஞ்சம் அடங்கி, காபி வந்து, எல்லோரும் நாற்காலிக்குத் திரும்பினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு அடுப்படியை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நகைக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "இது... கல்யாணம் ஆனவங்களுக்கும் குடுப்போமா?"

"பெண்கள் எல்லாருக்கும்னுதானே நோட்டீஸ் அடிச்சிருக்கோம்" என்றார் டுடோரியல் காலேஜ் பிரின்ஸ்பால்.

"வீட்டுல ஒரு வார்த்தை முன்னப் பின்ன வரும். வராத வீடு எது? அந்த நேரத்துல இது கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா?"

இராமலிங்கம் இன்னும் அரிக்கிற கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, "காரம் பாதி போதும்" என்றார். ஏகமனதாக நிறைவேறியது.

காரம் அடங்கியதும் குறிப்பு எழுத உள்ளே வந்து உட்கார்ந்திருந்த சரோஜா பேனாவை நிறுத்தினாள். "ரவுடி யாரு, வீட்டுக்காரரு யாருன்னு மருந்துக்கு எப்படிங்க தெரியும்?"

"அதனாலதாம்மா கம்மி பண்றோம்" என்றார் சக்கரபாணி, அன்போடு.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பாதியும் ஜாஸ்தி என்று தெரியவந்தது. ரவுடி என்றாலும் அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்று ஜவுளிக்கடைக்காரர் உருகினார். கால் ஆக்கினார்கள். கார்த்திகை தீபம் முடிந்து கூடியபோது, எரிச்சல் மனதைப் புண்படுத்தும், தாக்குகிறவன் மனம் திருந்துவதற்கு வாசனையே போதும் என்று பிரின்ஸ்பால் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்க்காமலே மேற்கோள் காட்டினார். பன்னீர் சேர்ந்தது. மார்கழியில் கிளிசரின் சேர்ந்தது, தோல் வறண்டுவிடக் கூடாதே என்று. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் சரோஜா ஆய்வகத்துக்குப் போய் ஒவ்வொரு தடவை தண்ணீர் ஊற்றினாள். கடைசிச் சரக்கைச் சக்கரபாணி தினமும் மூன்றாவது பீரியட் முடிந்ததும் தம் முகத்தில் அடித்துக்கொண்டார். "குளுகுளுன்னு இருக்குது" என்றார்.

முதல் சோதனை நாளில் அடித்த, தண்ணீர் சேராத மருந்து மட்டும் ஒரு சீசாவில் தனியே இருந்தது. சரோஜா அதை ஒளிக்கவில்லை. 'முதல் நாள்' என்று சீட்டு ஒட்டி, அமிலங்கள் வரிசையில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்திருந்தாள். அந்த ஆய்வகத்தில் சீட்டைப் படிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு காலையில் கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா என்று முடிவாயிற்று. சக்கரபாணிக்கு அன்று 'விஞ்ஞானச் செம்மல்' பட்டம். பட்டத்தை யோசித்தவரும் அவரே. எழுத்து நன்றாக இருக்கும் என்று தாமே பித்தளைத் தகட்டில் வெட்டக் கொடுத்துவிட்டார். மேடையில் ஒரு ரவுடி பாய, ஒரு பெண் மருந்தை அடித்து அவனை வீழ்த்திக் காட்ட வேண்டும். பெண் சரோஜா. ரவுடியாக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. பதினோரு பேருக்கும் ஊரில் கௌரவம் இருந்தது.

"நம்ம காசி இருக்கானே" என்றார் இராமலிங்கம்.

"அவர்னா நடிக்கவே வேணாம்" என்று சொல்லிவிட்ட நகைக்கடைக்காரர், உடனே நெடுநேரம் இருமினார்.

வெள்ளிக்கிழமை ஏழு ஐம்பதில் காசி பின் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தான். தலையில் புது எண்ணெய் வாசனை.

"மாமா எல்லாம் சொல்லிட்டாரு. வெறும் பன்னீராமே அது?"

சரோஜா ஜன்னலைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைக்குப் பன்னீர் தெளிக்கறது மொறைதானே. ஊரு முன்னாடி தெளி. உங்கப்பனையும் வரச் சொல்லியிருக்காரு மாமா. கையோட பேசி முடிச்சுடலாம்னு." அப்புறம் பஸ்ஸுக்காகக் குரலை உயர்த்தினான். "என்னாங்க, எல்லாரும் வந்துடுங்க. ஞாயித்துக்கெழம எனக்குப் பன்னீர் தெளிக்கறாங்க!"

பஸ் சிரித்தது. அவள் முதல் தடவையாகத் திரும்பி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கண்ணை நல்லாத் தொறந்து வச்சுக்கோ" என்றாள். "தெளிக்கறது முழுசா உள்ள போவணும்."

பள்ளிக்கூடம் போனதும் நேராகச் சக்கரபாணியிடம்தான் போனாள். திருட்டுத்தனமாக எதையும் செய்ய அவளுக்கு விருப்பமில்லை.

"சார், வெறும் பன்னீர்னு காசிக்கே தெரிஞ்சுபோச்சு. எங்கப்பா வர்றாரு. வேலை செய்யலைன்னா என்னை நிறுத்திடுவாரு. அன்னைக்கு ஒரு நாள் முதல் மருந்தையே வச்சுக்கலாம் சார்."

சக்கரபாணி பித்தளைத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மேடையில தலைவரோட மச்சானை அழ வைக்கச் சொல்றியா? எனக்குப் பட்டம் குடுக்கற அன்னைக்கு?"

"என் வேலை சார்."

"வேலை போனா என்னம்மா, உனக்கு வேற நல்லது நடக்கப்போவுதாமே. தலைவர் சொன்னாரு." தகட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "செம்மல்ல ஒரு புள்ளி மறைஞ்சிருக்குது, பாரு."

சனிக்கிழமை அவள் ஜானி பாஷாவின் கடையில் ரப்பர் பந்தை மாற்றிக்கொண்டாள். பழையது இளகியிருந்தது. அவர் புதுசைப் பொருத்தி, வெறும் பாட்டிலை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"எதை ஊத்தப்போறே?"

"முதல் நாள் சரக்கு பாய்."

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். "அப்போ கர்சீப் ஒண்ணு நனைச்சு இடுப்புல வச்சுக்க. அமுக்குனதும் நீ மொதல்ல பின்னால போ."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மகளிர் தற்காப்பு விழா என்பதால் மகளிருக்குக் கடைசி ஆறு வரிசைகள். முதல் வரிசையில் கழகம். இராமலிங்கத்தின் மனைவி ரேணுகாம்பாள் மட்டும், தலைவர் வீட்டம்மா என்ற முறையில், தூணோரம் தனி நாற்காலியில். சகாதேவன் உட்காரவில்லை, பக்கவாட்டுக் கதவருகே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். வேலூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற அதிகாரி, ஏழு பொன்னாடைகளின் கீழே ஏறக்குறைய மறைந்துபோயிருந்தார். பெண்ணின் பெருமை பற்றி ஒன்றரை மணி நேரம் ஆண்கள் பேசினார்கள். பிறகு சக்கரபாணி பட்டம் வாங்கி, மைக்கைப் பிடித்து, நாலு ரவுடிகள் கதையைச் சொல்லி, "இப்போது செயல்முறை விளக்கம்!" என்றார்.

காசி கட்டம்போட்ட லுங்கியும் கழுத்தில் சிவப்புக் கர்சீப்புமாக மேடையேறினான். கன்னத்தில் மையால் ஒரு மரு. கைப்பையைப் பிடுங்குவதாகத்தான் ஏற்பாடு. அவன் பையை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"தெளிடி."

கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தான்.

சரோஜா ரப்பர் பந்தை மூன்று தடவை அமுக்கினாள். மேடையில் மல்லி வாசனை பரவியது. அவள் நனைத்த கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நாலு எட்டுப் பின்னால் போனாள்.

காசி ஒரு கணம் சிரித்தபடியே நின்றான். அப்புறம் சிரிப்பு இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு, மேடையில் விழுந்து, குத்துவிளக்கு மேஜையை உதைத்து உருண்டான்.

"கவனியுங்கள்!" என்றார் சக்கரபாணி மைக்கில். "சக்கரபாணி திராவகம் நரம்பைத் தொடுகிறது! அடடா, எவ்வளவு தத்ரூபமான நடிப்பு!"

கூட்டம் கை தட்டியது.

"மாமா! கண்ணு! மாமா, ஐயோ, கண்ணு!"

"டேய் காசி, போதும்டா" என்று முதல் வரிசையிலிருந்து இராமலிங்கம் அதட்டினார். "ஜாஸ்தி பண்ணாதே. எழுந்திரு."

காசி எழுந்தான், பார்வையில்லாமல் ஓடினான், தூணில் முட்டி மறுபடி விழுந்தான். விசில் பறந்தது. "இன்னொரு தடவை!" என்று கடைசி ஆறு வரிசைகளிலிருந்து ஒரு பெண் குரல்.

மேடைக்கு நேர்மேலே மண்டபத்தின் பெரிய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை. "இந்த வீரியம் என் பத்து வருஷத்து..." என்ற இடத்தில் விஞ்ஞானச் செம்மலுக்கு மல்லி வாசனை எட்டியது. அதற்குப் பிறகு தெருவில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் கேட்டதெல்லாம் அவருடைய இருமல்தான். சிறப்பு விருந்தினர் ஏழு பொன்னாடைகளாலும் வரிசையாகக் கண்ணைத் துடைத்தார். ஜரிகை வேறு கீறியது. முதல் வரிசை எழுந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, பந்திக்கு வைத்திருந்த தண்ணீர் அண்டாவை நோக்கிப் போனது. கடைசி ஆறு வரிசைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அண்டாவின் பக்கத்தில் இராமலிங்கம் சரோஜாவைப் பிடித்துக்கொண்டார். கண்ணும் மூக்கும் ஒழுக, குரல் மட்டும் முதலாளியாக இருந்தது.

"என்னத்தை ஊத்துனே?"

"கழக மருந்துதாங்க."

"பொய் சொல்றியா? போலீசைக் கூப்பிடறேன். கழக மருந்து வெறும் பன்..."

பக்கத்தில் நின்ற பத்திரிகை நிருபர் பென்சிலைத் தூக்கினார். "வெறும் என்னங்க?"

இராமலிங்கம் வாயைத் திறந்தபடி நின்றார். பன்னீர் என்று சொன்னால் ஊரையே கூட்டி, அதிகாரியை வரவழைத்து, பன்னீரை மருந்து என்று வெளியிட்டதாகிவிடும். சொல்லாவிட்டால் மச்சானின் கண்ணுக்குத் தம் கழகமே பொறுப்பு. அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுத்த சக்கரபாணி அவருக்காகப் பதில் சொன்னார்.

"வெறும்... பத்து நிமிஷம்தான். அப்புறம் சரியாயிடும். எழுதிக்குங்க. முழு வெற்றி."

நிருபர் எழுதிக்கொண்டார். ரேணுகாம்பாள், தன் தம்பி இன்னொரு அண்டாவில் முகம் புதைத்துக்கிடப்பதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, நிதானமாகக் கணவனிடம் வந்தாள்.

"ஏங்க, எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைக்கச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே கழகம் அவசரமாகக் கூடியது. பெருந்தன்மையான கூட்டம். நம் மருந்தின் வீரியம் மனிதர்களுக்குப் பொருத்தமானது அல்ல என்றும், அதைக் கண்டுபிடித்த நாட்டின் மரபை மதித்து நாய்களுக்கு மட்டுமே பயன்படுத்துவது என்றும், ஊரிலுள்ள தபால்காரர்களுக்கு ஆளுக்கொன்று இலவசமாக வழங்கிவிட்டுக் கழகத்தைக் கலைப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். குறிப்பு எழுத அன்று ஆள் வரவில்லை. பிரின்ஸ்பாலே எழுதினார். பிழை இருந்தது.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை காலை கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில் சரோஜா சோற்றுத் தூக்கோடு நின்றாள். சகாதேவன் பின்னாலேயே வந்தார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மண்டபத்துல எனக்கும் கொஞ்சம் எரிஞ்சுச்சு" என்றார் அவர்.

"கதவுகிட்டத்தானே நின்னீங்க."

"கதவுகிட்டயே எரிஞ்சுச்சு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொங்கலோட நின்னுடுன்னு சொல்லியிருந்தேன்" என்றார்.

"சொன்னீங்க."

"பஸ் வருது பாரு. ஏறு."

ஏறினாள். காசி முன் படிக்கட்டோரம், டிரைவருக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றான். கண்ணாடிக்குக் கீழே கன்னம் இன்னும் உரிந்திருந்தது. அவள் தன் பழைய சீட்டில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, அத்தர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின் சீட்டு காலியாக இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.

கண்டக்டர் வந்தார். பழக்கத்தில் முன்னால் காசியைப் பார்த்தார். காசி கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தான்.

"எத்தனைம்மா?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணு" என்றாள் சரோஜா, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "ஒரு திருவண்ணாமலை."

யாரும் சிரிக்கவில்லை.